இருமுடி சுமந்த பாறை மனிதர்கள்

அந்த அம்மாள் கேட்டது ஒரு கத்தி.

“கத்தி கித்தி இருந்தாக் குடுங்களேன்மா. அடியில பிரிச்சுக்கிறேன். முகத்துல கை வைக்க மனசு வரல.”

குமுளியில் அப்போதுதான் மழை விட்டிருந்தது. கம்பத்துக்குப் போகிற பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் என் அக்காவின் கடையில் ஓர் ஏலக்காய்ப் பொட்டலம் வாங்கியிருந்தார். காய் பச்சையா, வெளுத்ததா என்று பஸ் ஏறுவதற்கு முன்பே பிரித்துப் பார்த்துவிட ஆசை. நியாயமான ஆசைதான். ஆனால் பொட்டலத்தின் மேல்பக்கம் முழுக்க மகாலட்சுமி உட்கார்ந்திருந்தாள். மேலே பிரித்தால் கிரீடத்தோடு கிழியும்.

கத்தி கொடுத்தோம். அடியில் கீறினார். ஒரு பொட்டலத்துக்கு அடி எவ்வளவு முக்கியம் என்பது எங்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. காய் மொத்தமும் ஈரத் தார்ரோட்டில் கொட்டி, சரிவில் உருண்டு, பஸ் சக்கரத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பஸ் நகர்ந்ததும் அந்தத் தெருவே பாயசம் வைத்த வீடு மாதிரி மணத்தது.

அக்கா வேறு பொட்டலம் கொடுத்து அனுப்பினாள். அந்த அம்மாள் மறக்காமல் கிழிந்த உறையை மடித்து, லட்சுமியைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். காய் போனாலும் லட்சுமி பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீதான் பெரிய மார்க்கு போடுற ஆளாச்சே. இதுக்கு ஒரு வழி பண்ணுடா,” என்றாள்.

பொட்டலத்துக்கு மார்க் போட எனக்கு வந்த முதல் ஆர்டர் அதுதான்.

எல்லார் கடையிலும் ஒரே லட்சுமி

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் அக்கா பேச்சியம்மாளைத் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம் எங்களுடையது. மூணாறு பக்கம் பள்ளிவாசல் என்கிற ஊரை ஒட்டி, ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அவளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் குமுளியில் ஏலக்காய், மிளகு, தேயிலைத்தூள் விற்கிற சின்னக் கடை ஒன்று போட்டார்.

எழுபதுகளின் நடுவில், இடுக்கி தனி ஜில்லாவாகிச் சில வருஷம் கழித்து, காய்ச்சலில் படுத்த அத்தான் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லை. அக்கா அழுது முடித்துக் கடையைத் திறந்து உட்கார்ந்தாள். நான் எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு அவளுக்குத் துணையாக வந்தேன். துணை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். அவளைக் கேட்டால் மூட்டை தூக்க ஆள் தேவைப்பட்டது என்பாள்.

கடை இருந்த கட்டடம் அத்தானுடைய அண்ணன் பெயரில் இருந்தது. அவரைப் பெரியத்தான் என்போம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கு முந்திக்கொண்டு தானே சொல்லிவிடுகிற ஆள். அத்தானின் வருஷத் திவசத்தன்று, இலையில் உட்கார்ந்தபடியே ஆரம்பித்தார்.

“தனியா உக்காந்து என்னம்மா பண்ணுவ? சபரிமல சீசன் வரப்போகுது. மாலை போட்டு மலைக்குப் போறவன், காலங்காத்தால தாலியறுத்தவ முகத்துலயா முழிப்பான்? பேசாம கம்பத்துக்கு வந்துரு. ஒரு வாய் சோத்துக்கா பஞ்சம்?”

எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா மட்டும் ஒரு சொட்டுச் சிந்தாமல் அவருக்கு ரசம் ஊற்றினாள்.

“சீசன் முடியட்டும், பெரியத்தான். யாவாரம் நிக்கலன்னா நானே சாவியக் கொண்டாந்து தந்துர்றேன்.”

“மகரவெளக்கு வரைக்குந்தான்,” என்றார் அவர். ஒரு ஜவுளிக்காரர் அந்தக் கட்டடத்தை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

ஆக, கார்த்திகை, மார்கழி இரண்டு மாதத்துக்குள் கடை தன் காலில் நின்றாக வேண்டும். குமுளியிலோ எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரே ஏலக்காய். பொட்டலத்தின் மேல் ஒரே லட்சுமி. அச்சகத்தில் மொத்தமாக அடித்து வைத்திருப்பார்கள். கீழே கடைப் பெயருக்கு மட்டும் இடம் காலியாக இருக்கும். நம் பெயரை அடித்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதே லட்சுமி எதிர்க்கடைக் கிராம்பில் இருந்தாள். பக்கத்துக் கடை ஊதுபத்தியில் இருந்தாள். ஒரு தடவை பல்பொடிப் பொட்டலத்தில்கூட அவளைப் பார்த்தேன், அதே புன்னகையோடு.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மனசு துணிந்து கிழித்தவர்கள் உறையைத் தெருவில் போட்டுவிடுவார்கள். லட்சுமி முகம் சாக்கடை ஓரத்தில் கிடக்கும். அக்காவுக்கு அது தாங்காது. சாயங்காலம் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவாள். எதிர்க்கடை லட்சுமிகளையும் சேர்த்தே பொறுக்குவாள். எரிக்கவும் கூடாது, குப்பையில் போடவும் கூடாது. சாக்கு நிரம்பியதும் என்னிடம் கொடுத்து ஆற்றில் விட்டுவரச் சொல்வாள். ஏலக்காய் மூட்டையைவிட நான் அதிகம் சுமந்தது லட்சுமி மூட்டையைத்தான்.

மார்க் தகடு

இப்போது இதையெல்லாம் பிராண்டிங் என்கிறார்கள். ஏசி அறையில் உட்கார்ந்து ஒரு புள்ளியை இந்தப் பக்கம் வைக்கலாமா அந்தப் பக்கம் வைக்கலாமா என்று வாரக்கணக்கில் பேசுகிறார்கள். நானும் அப்படிப்பட்ட கூட்டங்களில் பிஸ்கட் தின்றிருக்கிறேன். எங்கள் காலத்தில் அதற்கு மார்க் போடுவது என்று பெயர்.

எஸ்டேட் ஃபேக்டரியில் என் வேலையே அதுதான். தேயிலைத்தூளைப் பிளைவுட் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். பெட்டி மேல் தோட்டத்தின் பெயர், தூளின் ரகம், பெட்டி நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். மெல்லிய துத்தநாகத் தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டி, பெட்டி மேல் வைத்து அழுத்தி, கறுப்பு மை தொட்ட பிரஷ்ஷால் குத்துவோம். தகட்டை எடுத்தால் எழுத்து நிற்கும்.

கேட்க எளிது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். வட்டமான எழுத்தை வெட்டினால் நடுவில் இருக்கிற துண்டு கழன்று விழுந்துவிடும். அது விழாமல் இருக்க ஓரத்தோடு ஒட்டியிருக்கும்படி சின்னதாக ஓர் இணைப்பு விட வேண்டும். அதைப் பாலம் என்போம். பெட்டி எழுத்துகளில் நடுவே கோடு விட்டாற்போல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல, தகடு பிழைக்க வேண்டும் என்பதற்காக.

பல வருஷம் இதைச் செய்ததில் என் கண் கெட்டுப்போய்விட்டது. எதைப் பார்த்தாலும் வெட்ட முடியுமா, எங்கே பாலம் விடுவது என்றுதான் தோன்றும். மூணாறு பஜாரில் ஒரு ஹோட்டல் பலகைக்கு யானை கேட்டார்கள். பாலம் விட்ட இடம் தவறிப்போய், யானை கால் உடைந்து கட்டுப் போட்ட மாதிரி நின்றது. ஹோட்டல்காரருக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. பல வருஷம் அந்த நொண்டி யானைக்குக் கீழேதான் புட்டும் கடலையும் விற்றது.

லட்சுமியைத் தகட்டில் வெட்ட முடியாது. கண், மூக்கு, நகை, தாமரை இதழ் என்று எல்லாம் கழன்று விழும். முகம் இல்லாத, கிழித்தால் பாவம் சேராத, எதிர்க்கடையில் இல்லாத ஒரு படம் வேண்டும். அக்கா வழி பண்ணச் சொன்ன அன்றைக்குக் கடை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு சட்டென்று நினைவு வந்தது, மறையூர்.

எழுத்தளை

சில வருஷம் முன்பு ஃபேக்டரி நண்பன் சுடலையின் கல்யாணத்துக்கு மறையூர் போயிருந்தேன். கல்யாணம் முடிந்து பொழுது போகாமல் அவன் மச்சினன்மாரோடு மலைப்பக்கம் ஏறினோம். கரும்புக் காடு கடந்து ஏறினால் மேலே ஒரு குகை. அளை என்று அங்கே சொல்வார்கள். சுவரில் படம் இருப்பதால் அது எழுத்தளை. சிவப்புக் காவியிலும் வெள்ளையிலும் மானும் மனிதர்களும் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். அன்றைக்குக் கல்யாணச் சாப்பாட்டு மயக்கத்தில் சும்மா பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

இந்த முறை வேலையாகப் போனேன். கல்யாணத்துக்கு அப்புறம் அங்கேயே குடியேறிவிட்ட சுடலையும் கூட வந்தான்.

“பாண்டவர் வரைஞ்சதுன்னு சொல்லுவாக,” என்றான்.

“பாண்டவருக்கு வேற சோலி இல்லியா?”

“வனவாசத்துல என்ன சோலி இருக்கும்? பாறையில கைய வச்சுராத. பாட்டன் பூட்டன் காலத்துலருந்து யாரும் தொடாம வச்சிருக்காக.”

நான் தொடவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மூலையில், சிவப்பில், மனிதர்கள் வரிசையாக நின்றார்கள். தலையில் உருண்டையாக ஏதோ ஒன்று. கொண்டையா, இறகுக் கட்டா, சுமையா என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு முன்னால் ஒரு மான் திரும்பிப் பார்த்தபடி நின்றது. யாருக்கும் கண் இல்லை, மூக்கு இல்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் மனிதன். குகைக்கு வெளியே இறங்கி, பத்தடி, இருபதடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். அப்போதும் மனிதன், அப்போதும் மான்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அந்த ஆள், எட்ட நின்று பார்க்கிறவனுக்கும் தெரிய வேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறான். தேவையில்லாத எதையும் வைக்கவில்லை. நான் பெட்டி மேல் செய்துகொண்டிருந்த வேலையை அவன் பாறை மேல் என்னைவிட நன்றாகச் செய்து வைத்திருந்தான். அந்த ஆளோடு உட்கார்ந்து ஒரு பீடி பிடிக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற மெல்லிய தாள் கொஞ்சம் கொண்டு போயிருந்தேன். அதில் பார்த்துப் பார்த்து வரைந்தேன். வெயில் இறங்கி, கீழே கரும்புச்சாறு காய்கிற கொட்டகையிலிருந்து வெல்ல மணம் ஏறி வருகிற வரைக்கும் வரைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்த நாட்கள் ரொம்ப இல்லை.

குமுளிக்கு வந்து தகடு வெட்டினேன். மானும் மனிதர்களும் வெட்டுவதற்கென்றே பிறந்தவர்கள் மாதிரி வந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் சிக்கல். பாறையில் அவர்கள் கை கோத்து நின்றார்கள். அதை அப்படியே வெட்டினால் தகட்டின் குறுக்கே ஒரே நீள ஓட்டையாகிவிடும். நடுவில் தாங்க எதுவும் இல்லாமல் நாலு நாளில் தகடு நெளிந்துவிடும். அதனால் கைக்கும் கைக்கும் நடுவே ஒரு நெல் அளவு பாலம் விட்டேன். யோசிக்க அதில் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிவந்த கைகள்

காக்கித் தாள் உறையில் காவிச் சிவப்பில் முதல் படத்தைக் குத்தி அக்காவிடம் காட்டினேன். படத்துக்குக் கீழே ‘பேச்சியம்மாள் கடை, குமுளி’ என்று எழுத்து வெட்டியிருந்தேன். கடைப் பலகையில் அத்தான் பெயர் இருந்தது. பொட்டலத்தில் அக்கா பெயர் இருக்கட்டும் என்பது என் முடிவு.

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடா இது, பேய் பிடிச்ச மாதிரி நிக்கிறாய்ங்க?”

“பாறை ஓவியம்க்கா. ரொம்பப் பழசு.”

“ஏலக்கா புதுசுன்னு நான் கத்திக்கிட்டுக் கெடக்கேன். நீ பழசுங்கிற.”

“லட்சுமி இல்ல. முகம் இல்ல. யாரும் யோசிக்காமக் கிழிப்பாக.”

அதுதான் அவளுக்குப் பிடித்த ஒரே வார்த்தை. தன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். அந்த முதல் உறையைக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

வாசனை போகாமல் இருக்க உள்ளே எண்ணெய்த்தாள் பை, வெளியே காக்கி உறை. தரைக்குப் போடுகிற சிவப்புக் காவித்தூளில் வேப்பம் பிசின் கரைத்து மை தயாரித்தேன். அக்காவே பிரஷ் பிடித்துக் குத்தினாள். பிசின் பதம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. முதல் தடவை போட்டது முழுக்கக் கையில் ஒட்டியது. தேக்கடியில் படகு ஏற வந்த ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், சட்டைப் பையில் ஒரு சிவப்பு மானோடு திரும்பி வந்து சண்டை போட்டார். பஸ் கண்டக்டர் உள்ளங்கையை விரித்துக் காட்டி, “சேச்சி, இது ஏலக்காயோ மருதாணியோ?” என்று கேட்டார்.

பிசினைக் கூட்டினேன். மை நின்றது. ஆனால் யாவாரம் ஓடவில்லை. கார்த்திகை பிறந்து, சரண கோஷத்தோடு கூட்டம் கூட்டமாகச் சாமிமார்கள் மலையேறி வந்தார்கள். வேன் வேனாகக் குமுளியில் இறங்கி டீ குடித்தார்கள். எங்கள் பொட்டலத்தைப் பார்ப்பார்கள், பக்கத்துக் கடை லட்சுமியை வாங்கிக்கொண்டு போவார்கள். பக்தியோடு வருகிறவனுக்குச் சாமி படம் போட்டதை வாங்கினால் மனசுக்கு நிறைவு. இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மார்கழி பாதி ஆயிற்று. அடுக்கி வைத்த பொட்டலம் அப்படியே இருந்தது. எனக்குத் தூக்கம் இல்லை. அக்கா மட்டும் எதற்கோ காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

மாலை போட்ட வாய்

ஒருநாள் விடிகாலையில் அவள் தலைக்குக் குளித்துவிட்டு, கடை வாசலைக் கழுவி, கோலம் போட்டு, எங்கள் பொட்டலங்களை எல்லாம் ரோட்டைப் பார்த்து முன்னால் கொண்டுவந்து அடுக்கினாள். ஏன் என்று கேட்டேன்.

“இன்னைக்குப் பெரியத்தான் வர்றாரு,” என்றாள்.

பெரியத்தான் அந்த வருஷம் மாலை போட்டிருந்தார். கம்பத்திலிருந்து நடந்தே வருகிற கூட்டம் அது. என்றைக்கு இருமுடிக் கட்டு நிறைக்கிறார்கள், என்றைக்குக் குமுளி வருவார்கள் என்று எல்லாம் அக்கா விசாரித்து வைத்திருந்தாள்.

மலைப்பாதை வளைவில் அவர்கள் வருவதை நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். கறுப்பு வேட்டி, வெறுங்கால், தலையில் இருமுடி, ஒருவர் பின் ஒருவராக வரிசை. அப்போதும் இந்த மரமண்டைக்கு எதுவும் உறைக்கவில்லை.

கூட்டத்துக்குத் தலைவர் ஒரு வயதான குருசாமி. இருமுடிகளை ஒரு பக்கம் விரிப்பில் இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் எங்கள் கடை முன்னால் டீ குடித்தார்கள். பெரியத்தான் தாடியும் மாலையுமாகக் கடைசியில் தள்ளி நின்றார். குருசாமி ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் நீட்டிப் பார்த்தார்.

“அட, நம்ம சாமிமாருல்ல,” என்றார். “இங்க பாருங்கப்பா. தலையில இருமுடி. வரிசையா மலையேறிப் போறாய்ங்க. முன்னால மான் வழி காட்டுது. யாரு தாயி போட்டது?”

நான் வாயைத் திறந்தேன். இது பாறை ஓவியம், ஐயப்பன் கோயிலுக்கெல்லாம் முந்தியது, தலையில் இருப்பது கொண்டையாகக்கூட இருக்கலாம் என்றெல்லாம் சொல்வதற்கு. அக்கா என் காலைப் பலமாக மிதித்தாள்.

“எந் தம்பிதான், சாமி,” என்றாள்.

“நல்ல காரியம் பண்ணியிருக்கான். ஊரெல்லாம் அம்பாள் படத்தப் போட்டு வித்துட்டு, கால்ல மிதிபட விடுறாய்ங்க. இது நம்ம படம். கிழிச்சாலும் தோசமில்ல.”

கூட்டம் பொட்டலத்தைச் சூழ்ந்துகொண்டது. இது நான், இது நீ என்று ஒருவரை ஒருவர் காட்டிச் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா பெரியத்தான் முன்னால் போய் நின்றாள்.

“சாமி, ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும். இந்தக் கடைய நான் நடத்தலாமா, வேணாமா?”

அவர் நெளிந்தார். “சீசன் முடியட்டும்னு சொன்னேன்ல…”

“இப்பச் சொல்லிட்டீகன்னா நானும் நிம்மதியா ஒங்கள மலைக்கு அனுப்பி வப்பேன்.”

“இல்ல, நீ தனியா என்ன…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மாலை போட்டவர் யாரையும் கடிந்து பேசக் கூடாது. மனசில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று சொல்லவும் கூடாது. பெண்கள் எல்லாரும் அவருக்குத் தாய். இத்தனையையும் அவருக்கு மாலை போடும்போது சொல்லிக்கொடுத்த குருசாமி, இரண்டடி தள்ளி நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“தாயி கேக்குதுல்ல சாமி, பதில் சொல்லு,” என்றார் குருசாமி.

பெரியத்தான் தரையைப் பார்த்தார். பிறகு, “நடத்து தாயி,” என்றார்.

“மாலை போட்ட வாயால சொல்லியிருக்கீக. எனக்கு அது போதும்,” என்றாள் அக்கா.

அவர்கள் சரணம் சொல்லிக்கொண்டே போன பிறகு நான் அவளையே பார்த்தேன். “கோவப்பட முடியாத நாளாப் பாத்துத்தான் கேக்கணும்டா. ஒனக்குப் படம் வரையத்தான் தெரியும்,” என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து வருகிற கூட்டமெல்லாம் இறங்கும்போதே ‘இருமுடி ஏலம்’ எந்தக் கடையில் என்று கேட்டுக்கொண்டு வந்தது. நான் ஆசையாக எழுத்தளை மார்க் என்று பெயர் வைத்திருந்தேன். யாரும் சீந்தவில்லை. ஒரு மார்க்குக்குப் பெயர் வைப்பது வரைந்தவன் அல்ல, வாங்குகிறவன்தான் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பின்னால் கோயமுத்தூரில் இதே தொழிலில் இருந்த காலத்தில் எத்தனையோ முதலாளிகளிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை.

எல்லாரும் மேல் ஓரத்தைக் கிழித்துத்தான் பிரித்தார்கள், மனம் கூசாமல். தெருவில் கிடந்த உறைகளைப் பஞ்சாயத்து ஆள் கூட்டிக்கொண்டு போனார். அக்காவின் சாக்கு காலியாகத் தொங்கியது.

நெல் அளவு இடைவெளி

தை பிறந்து மகரவிளக்கும் முடிந்ததும், அந்தப் பாறையைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. கடைக்கு அவள் விட்ட முதல் லீவு அது. மூணாறு வழியாகப் பஸ் மாறி மாறி மறையூர் போனோம். சுடலை வீட்டில் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறினோம். வழியெல்லாம் அவள் பாறையைப் பற்றிப் பேசவில்லை, மறையூர் வெல்லத்தையும் பொட்டலமாகப் போட்டால் என்ன என்பதைப் பற்றியே பேசினாள்.

குகைக்குள் போனதும் வெல்லம் மறந்துபோயிற்று. அந்தச் சிவப்பு வரிசைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

“டேய், இவுக கை கோத்துல்ல நிக்கிறாக.”

“ஆமா.”

“நீ ஏன் பிரிச்ச?”

பாலத்தைப் பற்றிச் சொன்னேன். சேர்த்து வெட்டினால் தகடு நெளிந்துவிடும் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவரு போனதுலருந்து எல்லாரும் என்னத் தனியா தனியான்னுதான் சொன்னாக. நீயும் இவுகளத் தனித்தனியா நிறுத்தி வச்சிருக்கியேடா,” என்றாள். அழுதாள். அத்தான் காரியம் முடிந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பிறந்ததிலிருந்து பார்த்த முகம் அது. ஆனால் அவளுக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாமலே போயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“தகட்டுல முடியாதுன்னா கையால முடியும்ல?”

குமுளி திரும்பிய மறுநாள் அவள் மெல்லிய பிரஷ் ஒன்று வாங்கினாள். தகட்டை எடுத்ததும், ஈரம் காய்வதற்குள், கைக்கும் கைக்கும் நடுவே இருந்த அந்த நெல் அளவு இடைவெளியில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒவ்வொரு பொட்டலத்திலும், ஒவ்வொரு கையிலும். வேலை இரட்டிப்பாகிறது, யாரும் கவனிக்கப் போவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சில சமயம் பொட்டு கொஞ்சம் பெரிதாகி, கைகள் இறுகப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். அவைதான் எனக்குப் பிடித்தவை.

அடுத்த கார்த்திகையில் பெரியத்தான் மறுபடியும் மாலை போட்டு வந்தார். கூட்டம் முந்தின நாளே வந்து எங்கள் கடை வாசல் சிமென்ட் தரையில் படுத்துக்கொண்டது. விடிந்ததும் அக்கா கதவைத் திறந்து விளக்கேற்றிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, ஏலம் தட்டிப் போட்டு டீ கொதிக்க வைத்தாள். கொதிப்பதற்குள் புது உறைகளில் தகடு வைத்துக் குத்தி, பொட்டு வைக்க உட்கார்ந்தாள்.

பெரியத்தான் எழுந்து குளித்துவிட்டு வந்தார். முன்பே காய்ந்திருந்த ஓர் உறையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“போன வருசம் இவுக கை சேரலையே?”

“இந்த வருசம் சேத்தாச்சு, சாமி.”

அவர் உறையைக் கீழே வைக்கவில்லை. விரலால் அந்த வரிசையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் தடவிக்கொண்டே போனார். பிறகு, திவசத்தன்று இலையில் உட்கார்ந்து பேசிய அதே மனுஷர், நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்.

“காலையில கண்ணத் தொறந்ததும் நீதான் கதவத் தொறந்துக்கிட்டு நின்ன. ஒம் முகத்துலதான் முழிச்சேன் தாயி. இந்த வருசம் நல்ல தரிசனம் கெடைக்கும்.”

அக்கா பிரஷ்ஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு முதல் டீயை ஊற்றிக் கொடுத்தாள்.